ஜூன் முதல் எழுதாமல் நின்ற வீட்டுக் கணக்கு: க்னூகேஷில் முழுவதும் ஏற்றுவதா, இன்றிலிருந்து தொடங்குவதா?

கோத்தகிரி வாசகி:

வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். கணவரின் மாதச் சம்பளம், மாமனார் பெயரில் உள்ள ஒன்றரை ஏக்கர் தேயிலையிலிருந்து வரும் இலைப் பணம், நான் வீட்டிலிருந்தபடி துணி தைத்துக் கொடுப்பதில் கிடைக்கும் சில்லறை வரவு ஆகிய மூன்றையும் கொண்டு குடும்பம் நடக்கிறது. வீட்டுக் கணக்கை க்னூகேஷ் என்ற கணக்கு மென்பொருளில் எழுதிவந்தேன். மார்ச் 31 வரை ஒவ்வொரு மாதமும் வங்கி ஸ்டேட்மென்டுடன் ஒப்பிட்டு ரீகன்சைல் செய்து முடித்திருக்கிறேன்; ஏப்ரல், மே மாதங்களை எழுதியிருந்தாலும் ஒப்பிடவில்லை. ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. அதே சமயத்தில் மாமியாரின் கண் அறுவை சிகிச்சைக்காகக் கோயம்புத்தூருக்கும் வீட்டுக்குமாக அலைய நேர்ந்தது. அத்துடன் கணக்கு நின்றது. இப்போது தை பிறந்துவிட்டது.

இந்த இடைவெளியில் நடந்தவற்றில் எனக்குக் குழப்பம் தருபவை சில உண்டு. ஜிபே வழியாகச் செலுத்தியவை வங்கி ஸ்டேட்மென்டில் கடைக்காரரின் சொந்தப் பெயரிலேயே வருவதால், அது காய்கறியா, மருந்தா, செருப்பா என்று பார்த்தவுடன் சொல்ல முடியவில்லை. தேயிலை ஆலை எங்கள் கணக்கில் போடும் தொகை, உர முன்பணத்தையும் வண்டிக் கூலியையும் பிடித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது. ஆகஸ்டில் நகைக் கடனை மாற்றி வைத்தோம், அதாவது பழையதை அடைத்து மறுபடி வைத்தோம். அதற்காக அண்ணனிடம் கைமாற்றாக வாங்கிய பணமும் அதே வங்கிக் கணக்கில் வந்து போயிருக்கிறது. இவை தவிர, மாதம் ஒரு சீட்டும் கட்டிவருகிறேன்.

பழையதை விட்டுவிட்டு இன்றைய தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கினால் போதும் என்கிறார் கணவர். ஆனால் வரும் ஜூனில் மகள் பதினொன்றாம் வகுப்புக்குச் செல்கிறாள். அந்தக் கட்டணத்தையும் கட்டி நகையையும் மீட்க முடியுமா என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய விரும்புகிறேன். விடுபட்டதை எந்த அளவுக்கு மீட்டெடுப்பது பயனுள்ளது?


குன்னூர் ஓய்வூதியர்:

சகோதரிக்கு வணக்கம். கூட்டுறவு வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் இதை இரண்டே வழிகளாகப் பார்க்க வேண்டியதில்லை. எங்கே எவ்வளவு இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது கணக்கின் ஒரு பாதி. எது எதற்குச் செலவானது என்பது மறுபாதி. முதல் பாதியை இன்று நினைத்தாலும் ஒரு ரூபாய் பிசகாமல் எடுத்துவிடலாம், ஏனெனில் வங்கியிலும் நகை வைத்த சங்கத்திலும் ஆலையிலும் சீட்டு நடத்துபவரிடமும் அதன் பதிவு இருக்கிறது. மறுபாதியில், வங்கி வழியாகப் போனது மட்டும் மீளும். ஆகஸ்டில் ரொக்கமாக வாங்கிய கீரையும் பூவும் மீளா. நகையை மீட்கும் முடிவுக்கு முதல் பாதிதான் வேண்டும் என்பதால், உழைப்பை அங்கே செலவிடுங்கள்.

எனவே கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் இன்றைய நிலுவைகளை எழுதுங்கள்: வங்கி இருப்பு, கையில் உள்ள ரொக்கம், நகைக் கடன் அசல், ஆலையில் நிற்கும் உர முன்பணம், சீட்டில் இதுவரை கட்டியது, மளிகைக் கடைப் பற்று. முன்பண நிலுவையை நினைவிலிருந்து எழுதாமல் ஆலையில் கேட்டே எழுதுங்கள். கணக்கு ஏறி முடிந்ததும் மென்பொருள் காட்டும் நிலுவைகள் இந்தத் தாளோடு பொருந்த வேண்டும். பொருந்தினால் வேலை முடிந்தது என்று பொருள். நடுவில் விவரம் சற்று மங்கலாக இருப்பதால் குடி முழுகிவிடாது.

ரொக்கத்தை ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். மொத்தமாகப் பிடிக்க முடியும். என் உதாரணத் தொகைகளை உங்கள் தொகைகளால் மாற்றிக்கொள்ளுங்கள். மே 31 அன்று புத்தகத்தின்படி ரொக்க இருப்பு 3,200 ரூபாய். அதன் பிறகு ஏ.டி.எம்.மில் எடுத்தவை 84,000. தையலில் ரொக்கமாக வந்தது 19,500. ஆகக் கூடுதல் 1,06,700. இன்று கையில் 2,700 இருக்கிறது என்றால், இடைப்பட்ட காலத்தில் ரொக்கமாகச் செலவானது 1,04,000. இதில் உறுதியாகத் தெரிந்தவற்றை, அதாவது கூலி நோட்டில் உள்ள பறிப்புக் கூலி 24,000, பள்ளி வேனுக்கு 16,000, மருத்துவமனை ரசீது உள்ள 22,000 ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 42,000. ‘விவரமில்லாத ரொக்கச் செலவு’ என்று ஒரு செலவுக் கணக்கைத் திறந்து, இந்த 42,000 ரூபாயை ஒரே பதிவாக எழுதிவிடுங்கள். அதை அரிசி, பருப்பு, பேருந்துக் கட்டணம் என்று ஊகத்தில் பிரிக்க வேண்டாம். ஊகித்து எழுதிய எண்ணை அடுத்த ஆண்டு நீங்களே உண்மை என்று நம்பிவிடுவீர்கள்.

நகைக் கடனில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும், ஏனெனில் ஸ்டேட்மென்டைப் பார்த்தால் அன்று ஒரே நாளில் பெருஞ்செலவும் பெருவரவும் நடந்ததுபோலத் தோன்றும். கடன் 1,50,000 என்றும் வட்டி 12,000 என்றும் வைத்துக்கொள்வோம். அண்ணனிடமிருந்து 1,62,000 வந்திருக்கும். அது வருமானமன்று, ‘அண்ணன் கைமாற்று’ என்ற கடன் கணக்கில் ஏற வேண்டும். பின்னர் 1,62,000 சங்கத்துக்குப் போயிருக்கும். அதில் 1,50,000 நகைக் கடன் கணக்குக்கும் 12,000 வட்டிச் செலவுக்கும் ஸ்பிளிட் செய்யப்பட வேண்டும், அதாவது ஒரே பதிவைப் பிரித்து எழுத வேண்டும். திரும்ப வைத்தபோது வந்த 1,50,000 மீண்டும் நகைக் கடன் கணக்குக்கே போகும். அண்ணனுக்குத் திருப்பிக் கொடுத்ததும் கைமாற்றுக் கணக்கு பூஜ்யமாகிவிடும். இத்தனை போக்குவரத்துக்கும் சேர்த்து உண்மையான செலவு 12,000 மட்டுமே. இதைக் கவனிக்காமல் வருமானம், செலவு என்று போட்டுவிட்டால், அந்த மாதம் உங்கள் வீட்டு வருமானம் மூன்று லட்சத்தைத் தாண்டியதாக மென்பொருள் சாதிக்கும்.

சீட்டை ஒரு சொத்துக் கணக்காகவே வையுங்கள். தள்ளு, அதாவது ஏலத் தள்ளுபடி, போக நீங்கள் கட்டும் தொகை மாதந்தோறும் அதில் ஏறட்டும். சீட்டை எடுக்கும்போது வரும் தொகையையும் அதே கணக்கில் வரவு வைத்தால் இருப்பு எதிர்மறையாகும்; அதன் பிறகு கட்டுபவை அந்தக் கடனைக் குறைத்துக்கொண்டே வரும். கடைசி மாதத்தில் மிஞ்சி நிற்கும் தொகைதான் உங்கள் லாபம் அல்லது நட்டம்.


உதகை நிரல்:

மேலே ஐயா சொன்ன முறையோடு உடன்படுகிறேன். நான் மென்பொருள் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

கோப்பைத் திறப்பதற்கு முன் அதன் நகல் ஒன்றை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நீண்ட நாள் கழித்து க்னூகேஷைத் திறக்கும்போது முதலில் உங்கள் எதிரே வருவது ‘சின்ஸ் லாஸ்ட் ரன்’ என்ற சாளரமாக இருக்கலாம். சம்பளம், சீட்டு, பள்ளி வேன் போன்றவற்றை முன்பு அட்டவணையிட்ட பதிவுகளாக (குறித்த நாளில் திரும்பத் திரும்ப வருபவையாக) வைத்திருந்தால், ஜூன் முதல் நடக்காமல் போன அத்தனை பதிவுகளையும் வரிசையாகக் காட்டி, உருவாக்கட்டுமா என்று அது கேட்கும். அவசரத்தில் ஓகே அழுத்தினால் அவை அனைத்தும் பழைய தொகையிலேயே பதிவாகிவிடும். பிறகு ஸ்டேட்மென்டை ஏற்றும்போது, தொகையும் தேதியும் நெருங்கியவற்றை மென்பொருளே அடையாளம் கண்டு இணைத்துக்கொள்ளும் என்றாலும், இடையில் சம்பளம் உயர்ந்திருந்தாலோ சீட்டுத் தவணை மாதத்துக்கு மாதம் மாறியிருந்தாலோ இணைக்காமல் ஒரே வரவையோ செலவையோ இருமுறை பதிவாக விட்டுவிடும். ஆகவே வங்கி வழியாக நடக்கும் எல்லாவற்றையும் அந்தச் சாளரத்தில் ‘இக்னோர்டு’ என்று மாற்றிவிட்டு மேலே செல்லுங்கள்.

வங்கியிலிருந்து எக்செல் கோப்பாக இறக்கினால், அதை அப்படியே திறந்து சிஎஸ்வியாக, அதாவது பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக, சேமிக்க வேண்டாம். யுபிஐ பரிவர்த்தனை எண் 12 இலக்கம் கொண்டது. அது தனிப் பத்தியில் இருந்தால், எக்செல் அதைச் சுருக்கி 4.12E+11 என்பது போன்ற வடிவத்தில் காட்டி, சிஎஸ்வியிலும் அப்படியே எழுதிவிடும். தேதியிலும் நாளும் மாதமும் இடம் மாறும் அபாயம் இருக்கிறது. 05/08 என்பது ஆகஸ்ட் 5 ஆகவும் இருக்கலாம், மே 8 ஆகவும் ஆகலாம். எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸில் அந்தப் பத்திகளை டெக்ஸ்ட் என்று குறித்துக்கொண்டு, தொகைகளில் உள்ள காற்புள்ளிகளையும் நீக்கிவிட்டுச் சேமித்தால் இத்தொல்லைகள் இல்லை. க்னூகேஷின் சிஎஸ்வி இறக்குமதிச் சாளரத்தில், மேலே உள்ள முகவரி வரிகளைத் தவிர்க்கவும், தேதி வடிவத்தை நாள்-மாதம்-ஆண்டு என்று குறிக்கவும், எந்தப் பத்தி வரவு, எந்தப் பத்தி பற்று என்று சொல்லவும் இடம் உண்டு. அந்த அமைப்பை ஒரு பெயரிட்டுச் சேமித்துவிட்டால் அடுத்த கோப்புக்கு மறுபடி செய்ய வேண்டியதில்லை.

எல்லா மாதங்களையும் ஒரே மூச்சில் ஏற்றாமல் முதலில் ஜூனை மட்டும் ஏற்றுங்கள். விவரத்தில் உள்ள சொற்களைக் கொண்டு எந்தப் பெயர் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று க்னூகேஷ் கற்றுக்கொள்ளும் முறை உண்டு. ஜூனில் கடைக்காரர் பெயர்களுக்கு எதிரே மளிகை, மருந்து, காய்கறி என்று நீங்கள் பொறுமையாகக் குறித்துவிட்டால், ஜூலையில் பெரும்பாலானவற்றை அதுவே சரியாகப் பரிந்துரைக்கும். தெரியாத பெயர்களை அப்படியே விட்டுவிட்டால் அவை ‘இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர்’ என்ற கணக்கில் சேரும். அதை நினைத்து அஞ்ச வேண்டாம். ஏற்றி முடித்த பிறகு அந்தக் கணக்கைத் திறந்து, தொகை பெரியவற்றிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள். ஐம்பதும் நூறுமாக மிஞ்சுபவற்றை ஐயா சொன்ன விவரமில்லாத செலவு போன்ற ஒரு தனிக் கணக்குக்கு மாற்றிவிடலாம்.

கடைசியாக, ரீகன்சைல் செய்வதை ஏப்ரலிலிருந்து மாதவாரியாகச் செய்யுங்கள். ஜனவரி இருப்பை மட்டும் வைத்து ஒரேயடியாகச் செய்தால், வித்தியாசம் வரும்போது எந்த மாதத்தில் தேடுவது என்றே தெரியாது.


தாண்டிக்குடி காப்பி:

பழனி மலையிலிருந்து எழுதுகிறேன். ஐயாவின் கருத்தில் ஒன்றை மட்டும் மறுக்க விரும்புகிறேன்; சகோதரி கோபித்துக்கொள்ளக் கூடாது, எனக்கும் சேர்த்தே சொல்கிறேன். நிலுவைகள் பொருந்தினால் போதும் என்பது சம்பளக் குடும்பத்துக்குப் பொருந்தும். தோட்டத்தை நம்பியிருக்கும் வீட்டில், தோட்டக் கணக்கை மட்டுமாவது முழு விவரத்துடன் மீட்டெடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

காரணம் இதுதான். ஆலையிலிருந்து வங்கிக்கு வந்த நிகரத் தொகையை மட்டும் வருமானமாக எழுதினால், தோட்டம் உண்மையில் எவ்வளவு ஈட்டியது, எவ்வளவு தின்றது என்பது இரண்டும் மறைந்துவிடும். உதாரணமாக, ஒரு மாதம் 600 கிலோ கொழுந்து, கிலோ 18 ரூபாய் என்று கொண்டால் மொத்தம் 10,800. அதில் உர முன்பணத்துக்கு 2,000, வண்டிக் கூலி 600 பிடித்துக்கொண்டு 8,200 வங்கியில் போடுகிறார்கள். ஸ்டேட்மென்டில் இருப்பது இந்த 8,200 மட்டுமே. அந்த ஒரு வரியைத் திறந்து, இலை வருமானம் 10,800, வண்டிக் கூலிச் செலவு 600, ஆலை முன்பணம் என்ற கடன் கணக்கில் குறைந்தது 2,000, வங்கி 8,200 என்று நான்காக ஸ்பிளிட் செய்ய வேண்டும். உரத்தை வாங்கிய நாளில் அதன் விலையைச் செலவாகவும் ஆலை முன்பணத்தில் கடனாகவும் ஏற்கெனவே எழுதியிருந்தால்தான் இது சரிவரும். இல்லையெனில் முதலில் அதை எழுதுங்கள். பிடித்தத்தையும் உரச் செலவு என்று எழுதிவிட்டால் ஒரே மூட்டைக்கு இருமுறை பணம் கொடுத்ததாகிவிடும். ஆலையின் மாதச் சீட்டுகள் கையில் இல்லாவிட்டால் கேட்டால் தருவார்கள்.

இன்னொன்று, இலைப் பணம் வங்கிக்கு வரும் மாதம் வேறு, கொழுந்து பறித்த மாதம் வேறு. தேயிலை வாரியம் பச்சைத் தேயிலைக்கு மாத விலையை அறிவித்த பிறகே உங்கள் பக்கத்தில் கணக்குத் தீர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு பதிவின் விவரத்திலும் எந்த மாதக் கொழுந்து, எத்தனை கிலோ என்று எழுதிவையுங்கள். எங்களுக்குக் காப்பிப் பழம் மார்கழி, தை, மாசியில் வருகிறது, பின்னாலேயே மிளகு வருகிறது. ஆண்டு முழுவதற்கும் அந்தப் பணம்தான். உங்களுக்கு மாதாமாதம் வந்தாலும், உறைபனிக் காலத்தில் கொழுந்து ஒடுங்கி, கோடை மழைக்குப் பிறகு பெருகும் அல்லவா? எட்டு மாத வரவைக் கூட்டி எட்டால் வகுத்து, இதுதான் மாத வருமானம் என்று பட்ஜெட் போட்டால் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கை கடிக்கும்.

க்னூகேஷின் பட்ஜெட் பகுதியில், கடந்த காலப் பதிவுகளைப் பார்த்துத் தானே மதிப்பிடும் வசதி ஒன்று இருக்கிறது. அதை இப்போதைக்குப் பயன்படுத்த வேண்டாம். 42,000 ரூபாய் ஒரே நாளில் செலவானதாக நீங்கள் எழுதியிருப்பீர்கள். மருத்துவச் செலவு வேறு வழக்கத்துக்கு மாறாக இருக்கும். அந்தத் தொகையை ஏழரை மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 5,600 வருகிறது. பட்ஜெட்டில் சில்லறை ரொக்கச் செலவு என்று அந்த எண்ணைக் கையால் எழுதிக்கொண்டு, பங்குனி வரை உண்மையில் என்ன ஆகிறது என்று பார்ப்பதே நல்லது.

மளிகைக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பற்று வைத்து வாங்கும் கடையாக இருந்தால் கடைக்காரரின் நோட்டே உங்கள் கணக்கு. தேதி, பொருள், தொகை எல்லாம் நம்மைவிடத் திருத்தமாக எழுதியிருப்பார். நான் என் கடைக்காரரின் நோட்டைப் படம் பிடித்து வந்து மாத மொத்தங்களை மட்டும் ஏற்றுகிறேன்.


மேல்மலைப் பூண்டு:

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. செலவுக்கு ஓர் உறை என்று பணத்தை முன்கூட்டியே ஒதுக்கும் உறை முறையில் இயங்கும் மென்பொருளுக்கு மாறிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. ஒய்நாப் என்ற மென்பொருளில் ‘ஃபிரெஷ் ஸ்டார்ட்’ என்றே ஒரு வசதி இருக்கிறது. பழையதைத் தனியே மூடி வைத்துவிட்டு, கணக்குகளையும் செலவுப் பிரிவுகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கிவிடலாம். அது சந்தா கட்ட வேண்டியது, நம் வங்கிகளுடன் நேரடியாக இணையாது என்பதால், நான் ஆக்சுவல் பட்ஜெட் என்ற திறமூல மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். இன்று கையில் இருக்கும் பணத்தை மட்டும் எடுத்து, இது பள்ளிக்கு, இது நகைக்கு, இது விதைப் பூண்டுக்கு என்று ஒதுக்குகிறோம். பூண்டு விற்கும் காலத்தில் வரும் மொத்தப் பணத்தை வராத மாதங்களுக்குப் பங்கு வைக்க இதைவிட எளிய முறையை நான் கண்டதில்லை. நேற்று எங்கே போனது என்பது அதற்குத் தேவையே இல்லை.


குன்னூர் ஓய்வூதியர்:

மேல்மலை நண்பர் சொல்வது, கையில் உள்ள பணத்தை ஒதுக்குவதற்குச் சரியான முறைதான்; மறுக்கவில்லை. ஆனால் சகோதரியின் வீட்டில் கடன்கள் பல திசைகளில் இருக்கின்றன. ஆலைக்குத் தர வேண்டியது, சங்கத்துக்குத் தர வேண்டியது, சீட்டில் போட்டது ஆகியவற்றை ஒன்றோடொன்று கோத்துக் காட்டுவதில், ஒவ்வொரு தொகையையும் குறைந்தது இரு கணக்குகளில் எழுதும் க்னூகேஷின் இரட்டைப் பதிவு முறைக்கு இணை இல்லை. எழுதிப் பழகிய மென்பொருளைத் தொய்வு விழுந்த நேரத்தில் மாற்றினால், கணக்கைப் பிடிப்பதோடு புதியதைக் கற்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

தாண்டிக்குடி நண்பரின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். தோட்டத்துக்கு முழு விவரம் வேண்டும். யாரேனும் வருமான வரி பற்றிக் கேட்பதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன்: தேயிலையைத் தானே பதப்படுத்தி விற்பவருக்குத்தான் வருமானத்தில் 40 விழுக்காடு வணிக வருமானமாகக் கொள்ளப்படும், பச்சைக் கொழுந்தாக ஆலைக்கு விற்பவருக்கு அது முழுவதும் விவசாய வருமானம். ஒருவருக்கு 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானமும், வரிவிலக்கு வரம்பைத் தாண்டிய வேறு வருமானமும் சேர்ந்திருந்தால் மட்டுமே வரி விகிதம் கணக்கிடுவதற்காக அது சேர்த்துக்கொள்ளப்படும். நிலம் மாமனார் பெயரில் இருப்பதால் கணவரின் சம்பளத்தோடு அது கலக்காது. ஆனால் க்னூகேஷில் இருவர் வருமானத்தையும் தனித்தனிக் கணக்காக வைத்துக்கொள்வது நல்லது.


கோத்தகிரி வாசகி:

அனைவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்துவருகிறேன். ‘சின்ஸ் லாஸ்ட் ரன்’ சாளரம் சொன்னபடியே வந்தது. அதில் சீட்டும் வேனும் வரிசை கட்டி நின்றதைப் பார்த்துத் திகைத்துப்போனேன். ஆலையின் மாதச் சீட்டுகளை மாமனார் நாட்காட்டிக்குப் பின்னால் ஆணியில் குத்தி வைத்திருந்ததால் இலைக் கணக்கு எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்தது. அவற்றைக் கூட்டிப் பார்த்தபோதுதான், ஆலையில் எங்கள் முன்பணம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியவந்தது. நகைக் கடன் 1,50,000 என்றே நிற்கிறது, அண்ணன் கைமாற்று பூஜ்யமாகிவிட்டது.

ரொக்கத்தில் விவரமில்லாத தொகை உதாரணத்தில் சொன்னதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வந்தது. கணவர் அதைக் கண்டு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

இப்போது ஒரே ஒரு சிக்கல். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ரீகன்சைல் பூஜ்யத்தில் முடிந்தது. செப்டம்பரில் எல்லா வரிகளையும் டிக் செய்த பிறகும் 236 ரூபாய் வித்தியாசம் நிற்கிறது. புத்தகத்தில் இருப்பு அதிகம், வங்கியில் குறைவு. அந்தத் தொகையில் எந்தச் செலவும் எங்களுக்கு நினைவில்லை. சரிக்கட்டும் பதிவு ஒன்றைப் போட்டு மேலே செல்லலாமா?


உதகை நிரல்:

சரிக்கட்டும் பதிவைப் போட வேண்டாம். 236 என்பது ஊகிக்கக்கூடிய தொகை: 200 ரூபாயும் அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும். டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம் போன்று வங்கி தானாகப் பிடித்துக்கொண்ட ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அது ஸ்டேட்மென்டில் இருந்தால் கோப்போடு ஏறியிருக்க வேண்டுமே? எனவே இறக்கிய கோப்புகளைப் பாருங்கள். ஸ்டேட்மென்டைத் துண்டு துண்டாக இறக்கியிருந்தால், முதல் கோப்பின் கடைசி வரியில் உள்ள இருப்பும், அடுத்த கோப்பின் முதல் வரிக்கு முந்தைய இருப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். தேதி வரம்பைக் குறிக்கும்போது இடையில் ஒரு நாள் விடுபடுவது சாதாரணமாக நடக்கும்.


கோத்தகிரி வாசகி:

அதுவேதான். முதல் கோப்பை செப்டம்பர் 29 வரையும் இரண்டாவதை அக்டோபர் 1 முதலும் இறக்கியிருக்கிறேன். செப்டம்பர் 30 அன்று ஒரே ஒரு வரி இருந்தது, கார்டு கட்டணம் 236. அதைச் சேர்த்ததும் வித்தியாசம் பூஜ்யமாகி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை தடையின்றி முடிந்தது.

பிப்ரவரிக்கான பட்ஜெட்டை இன்று இரவு உட்கார்ந்து போடப் போகிறோம். இலை வருமானத்துக்கு ஜனவரிக் கொழுந்தின் கிலோவைத்தான் எடுக்கிறேன், சராசரியை எடுக்கவில்லை. சீட்டில் தள்ளு குறைவாகப் போகும் மாதம் பார்த்து ஏப்ரலில் எடுத்தால் பள்ளிக் கட்டணம் போக நகைக் கடனில் பாதியாவது அடைக்க முடியும் என்று கணக்கு காட்டுகிறது. முழுவதையும் ஜூனிலேயே மீட்கலாம் என்ற எண்ணத்தை மட்டும் மாமியாரிடம் சொல்லித் தள்ளிவைத்திருக்கிறோம்.